மூன்றாவது குடுவை

காலை எட்டரை மணிக்குத் தூறல் போட ஆரம்பித்தது. வீட்டுக்குப் பின்புறம் சுவரோரமாக இருந்த கரிச்சட்டியை என் அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா, நனையாமல் இருக்கட்டும் என்று தூக்கி வந்து உள்ளறையில் வைத்தார். அங்கே என் மகள் நிவேதா போர்வையைச் சுற்றிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் குளிர் அடிக்கக் கூடாதென்று அண்ணி கதவையும் சாத்தினார். அந்த நேரத்தில் நான் அனல் மின் நிலையத்து ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து போன மாதம் தேன்மொழி போன் செய்தாள். நான் விருப்ப ஓய்வில் வந்த பிறகு என் மேசைக்கு வந்த பெண்.

"மேடம், நம்ம பழைய கண்ணாடி செட்டக் கழிச்சிடச் சொல்லிட்டாங்க. கையில புடிக்கிற மெஷின் வந்துடுச்சு, பட்டன அழுத்துனா போதும். இப்ப முந்திரி ஓடு, கரும்புச் சக்கை, மரத்தூள்னு மூட்ட மூட்டயா சாம்பிள் வேற வருது. லிக்னைட்டோட கலந்து எரிக்கலாமான்னு பாக்குறாங்க. எங்க ஆண்டு மலருக்கு நீங்க ஒரு கட்டுரை குடுங்களேன்."

"என்னத்தடி எழுதறது?"

"உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்த ஒரு சாம்பிள் பத்தி எழுதுங்க."

கஷ்டமான சாம்பிள் என்றதும் எனக்கு எந்த பாய்லரும் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கரிச்சட்டிதான் வந்தது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் வேதியியல் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துநான்கு வயது. முதல் இரண்டு வருடம் எடை போட்டதும் அடுப்பில் உலர்த்தியதும்தான். சுரங்கத்திலிருந்து வரும் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி தண்ணீர் என்பதை நம்பவே எனக்குச் சில நாளானது. அதன் பிறகுதான் என்னைப் புகைபோக்கி வாயு சோதிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். அந்த மேசை சாமுவேல் சாருடையது.

கால்பந்துக்குள் வைக்கும் ரப்பர் பிளாடரை எடுத்துக்கொண்டு பாய்லர் பக்கம் போவோம். புகை போகும் பாதையில் ஒரு துளை இருக்கும். அதில் இரும்புக் குழாயைச் செருகி, பிளாடரை நிரப்பி, ரப்பர் குழாயை மடக்கிக் கிளிப் போட்டு எடுத்து வருவோம். "வந்துட்டாங்கப்பா, காத்து புடிக்கிறவங்க. எங்களுக்கும் ரெண்டு ஊதிக் குடுங்க, புள்ளைங்க வெளயாடட்டும்" என்று பாய்லர்காரர்கள் கிண்டல் செய்வார்கள். சாமுவேல் சார் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். கிளிப்பை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

மேசை மேல் மரப்பெட்டி. அதில் அளவுக் கோடு போட்ட நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்று, வரிசையாக மூன்று குடுவைகள், பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டில். பாட்டிலை உயர்த்தினால் வாயு குடுவைக்குள் போகும். தாழ்த்தினால் திரும்பி வரும். முதல் குடுவை கரியமில வாயுவைக் குடித்துக்கொள்ளும். இரண்டாவது ஆக்சிஜனை. மூன்றாவது கார்பன் மோனாக்சைடை. ஒவ்வொரு முறையும் குழாயில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வரிசை மாறக் கூடாது. மாறினால், இரண்டாவது குடுவை முதலாவதின் பங்கையும் சேர்த்துக் குடித்துவிடும், கணக்கு மொத்தமும் பொய்யாகிவிடும்.

அளவைப் படிக்கும்போது சாமுவேல் சார் முழங்காலை மடக்கி, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவருவார். ஆறடி உயர மனிதர். வயதான பின்பும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நான் நின்றபடியே தலையைச் சாய்த்துப் படித்தால், "கண்ணக் கீழ எடுத்துட்டு வாம்மா. தண்ணி ஒன்னத் தேடி மேல ஏறி வராது" என்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பாகப் படித்தால் திட்டவும் மாட்டார். பிளாடரைக் கையில் கொடுத்து, வாசலைக் காட்டுவார். மறுபடி பாய்லர் வரை நடக்க வேண்டும்.

மூன்றாவது குடுவையில் ஏதாவது குறைந்தால் அவர் முகம் வாடிவிடும். அது அரைகுறையாக எரிந்த கரி. "அரை வேக்காட்டுச் சோத்தக் குப்பையில கொட்டற மாதிரிம்மா இது. எரிச்சதுக்குச் சூடு வரணும். வராத சூட்டுக்கு எதுக்கு அவ்வளவு மண்ணத் தோண்டறது?" என்பார். காற்றைச் சரியாகக் கொடுத்தால் குறைவான கரியில் அதே நீராவி கிடைக்கும். எங்கள் மேசையின் வேலையே அதுதான். இருபது வருடத்துக்கு மேல் நான் அந்த வாயுவை வீணாய்ப்போன சூடாகவே பார்த்துப் பழகியிருந்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் அதை வேறு மாதிரி பார்த்தார். நிலக்கரி கொட்டி வைக்கும் பங்கர் பக்கம் வேலை செய்யும் யாராவது வந்து தலைவலி என்றால், அவர் கேட்கும் முதல் கேள்வி, "கூட இருந்தவனுக்கு?" என்பதாக இருக்கும். "ஒருத்தனுக்குத் தலவலின்னா அவன் ஒடம்பு. ரெண்டு பேருக்கும்னா அந்த எடம். மொதல்ல எடத்த விட்டு வெளிய வா, மிச்சத்தப் பொறவு பேசு." இன்னொன்றும் சொல்வார். உள்ளே விழுந்தவனைத் தூக்க ஓடுகிறவன் இரண்டாவது ஆளாக விழுவான். ஆகவே வெளியே வரக்கூடியவன் முதலில் வெளியே வந்துவிட வேண்டும். இதையெல்லாம் நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். தலையாட்டியிருக்கிறேன்.

இனி வீட்டுக் கதை.

தானே புயலை அடுத்து வந்த ஜனவரி அது. ஊர் ஊராக முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. நாங்கள் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். ஜன்னல் கண்ணாடிகள் உடைந்து, என் கணவர் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி ஆணி அடித்திருந்தார். மின்சாரம் இல்லை. மாநிலத்துக்கே மின்சாரம் அனுப்புகிற ஊரின் ஓரத்தில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கம்மாபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்த அண்ணியின் வீட்டுக் கூரை புயலில் போய்விட்டது. பிள்ளை இல்லாதவர், கணவரும் தவறிவிட்டார். என் கணவர் போய் அழைத்து வந்தார். வெறுங்கையோடு வர அண்ணிக்கு மனம் வரவில்லை. விழுந்த முந்திரி மரங்களை அங்கே யாரோ கரிமூட்டம் போட்டிருக்கிறார்கள், அதில் ஒரு மூட்டைக் கரியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"வூட்டுல சும்மா குந்திகினு சோறு துன்ன மாட்டேன் கலா. கரண்டு வர்ற வரைக்கும் சுடுதண்ணி, காப்பி எல்லாம் என் பொறுப்பு" என்றார்.

வாழ்நாளெல்லாம் முந்திரி ஓட்டையும் விறகையும் எரித்துச் சமைத்தவர். முந்திரி ஓட்டுப் புகை கண்ணைக் கரிக்கும், தொண்டையை அறுக்கும். அவருக்கு ஓயாத இருமல் உண்டு. என் மகளுக்கோ சின்ன வயதிலிருந்தே வீசிங். அதனால் எங்கள் வீட்டில் கொசுவத்தி கிடையாது, சாம்பிராணி கிடையாது. "அண்ணி, இந்தப் புகைதான் உங்க நெஞ்சக் கெடுக்குது. நிவி கிட்ட புகையே வரக் கூடாது" என்று நான் அவரிடம் பல முறை சொல்லியிருக்கிறேன். அவர் அதை மனதில் வைத்துக்கொண்டார். அதனால்தான் கரியை வெளியே வைத்துப் பற்றவைத்து, புகை முழுவதும் அடங்கி, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் சட்டியைத் தொடுவார். அன்றும் அப்படித்தான் செய்தார்.

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு நிவி படித்துக்கொண்டிருந்தாள். புயலுக்குப் பின் சளி பிடித்திருந்தது. ஈரத்திலும் குளிரிலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கணவர் அதிகாலையிலேயே சுரங்கத்துக்கு முதல் ஷிஃப்ட் போயிருந்தார். நானும் கிளம்பிவிட்டேன். அதன் பிறகுதான் தூறல்.

பத்தரை மணி இருக்கும், என் போன் அடித்தது.

"அம்மா, தலவலி மாத்திர எங்கம்மா வச்சிருக்க?"

"காய்ச்சல் அடிக்குதா?"

"இல்லம்மா. தல மட்டும் பொளக்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு. அத்தைக்கும் தலவலின்னாங்க, படுத்துட்டாங்க. எழுப்புனா உம் உம்முங்கறாங்க, எந்திரிக்க மாட்டேங்கறாங்க."

என் கையில் பாட்டில் இருந்தது. அதைக் கீழே வைத்தேனா, போட்டேனா தெரியாது.

"நிவி, என்ன எரியுது அங்க?"

"கரிச்சட்டிதாம்மா. பொகையே இல்ல. எனக்கு வீசிங்கூட வரல."

"கதவு?"

"சாத்தியிருக்கு."

"கதவத் தொற. வெளிய போ. இப்பவே."

"இரும்மா, அத்தைய எழுப்பிட்டு..."

"அத்தைய விடு. நீ மொதல்ல போ. விட்டுட்டுப் போடி!"

தலையை நிமிர்த்த முடியாமல் அவள் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். போன் கீழே இருந்தது. அண்ணியும் அதே தரையில் கிடந்தார்.

அதன் பின் பதில் இல்லை. நான் திரும்பியபோது சாமுவேல் சார் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "எத்தன பேரு உள்ள?" என்று மட்டும் கேட்டார். "ரெண்டு." அவர் அதற்குள் ஜீப்காரரைக் கூப்பிட்டிருந்தார்.

வழியெல்லாம் சாய்ந்த மரங்களை ரோட்டோரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஜீப் ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போனது. நான் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். சாமுவேல் சார் முன் சீட்டில், பிளாடருக்குப் போடும் கிளிப்பைக் கையில் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்திலிருந்து அதைக் கையோடு எடுத்து வந்தது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

நிவி என் பேச்சைக் கேட்கவில்லை. தெருக்கதவு வரை போய்த் திறந்திருக்கிறாள். மழையில் நின்று மூச்சு வாங்கியிருக்கிறாள். பிறகு திரும்பி உள்ளே போய், அண்ணி படுத்திருந்த கோரைப்பாயின் இரண்டு முனைகளையும் பிடித்து, பாயோடு சேர்த்து மொசைக் தரையில் இழுத்திருக்கிறாள். நாங்கள் போனபோது அண்ணியின் தலை வாசல்படியில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. கால்கள் வீட்டுக்குள் இருந்தன. படியில் உட்கார்ந்து அவருடைய முகத்தைத் தன் தாவணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் என் மகள். அவளுடைய உதடுகள் இருந்த நிறத்தை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

நான் உள்ளே ஓடி ஜன்னலைத் திறக்கப் போனேன். சாமுவேல் சார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு முறைதான். "உள்ள வேற யாரும் இல்லல்ல? அப்ப யாரும் போக வேண்டாம்." அவர் வீட்டைச் சுற்றி வெளிப்பக்கமாகப் போய், ஜன்னலில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கையாலேயே கிழித்தார். ஆணி கிழித்து ரத்தம் வந்ததை ஜீப்காரர்தான் பார்த்துச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். நிவி மாலையில் எழுந்து உட்கார்ந்து, "என் பிசிக்ஸ் நோட்டு நனைஞ்சிருக்கும்" என்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது. சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்ததால் அண்ணிக்குத்தான் பாதிப்பு அதிகம். மறுநாள்தான் தெளிவாகப் பேசினார். கண் திறந்ததும் நிவி எங்கே என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். பிறகு கேட்டார்.

"பொகையே இல்லியே கலா. நீதான சொன்ன, பொகதான் ஆவாதுன்னு?"

அதில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சொன்னது பாதிப் பாடம். மீதிப் பாதி என் மேசையிலேயே இருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பத்து நாள் கழித்து சாமுவேல் சார், "அந்தச் சட்டியும் கொஞ்சம் கரியும் எடுத்துட்டு வா" என்றார். ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் காலி செய்து வைத்திருந்த ஒரு சிறிய அறை, எங்கள் உள்ளறை அளவுதான் இருக்கும். வெளியே கரியைப் பற்றவைத்து, புகை அடங்கும் வரை காத்திருந்து, அண்ணி செய்தது போலவே சாம்பல் பூத்த பின் உள்ளே வைத்தோம். கதவைச் சாத்தி, கீழ் இடுக்கு வழியாக ரப்பர் குழாயை விட்டு, அன்று போலவே இரண்டு மணி நேரம் வெளியே காத்திருந்தோம். பிறகு பிளாடரில் காற்றை எடுத்து வந்து மேசையில் மாட்டினோம்.

முதல் குடுவை. இரண்டாவது குடுவை. ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை அனுப்பி, மட்டம் மாறாமல் நிற்கிறதா என்று பார்த்தேன். பிறகு மூன்றாவது. பாட்டிலை மெதுவாக உயர்த்தினேன், தாழ்த்தினேன். முழங்காலை மடக்கி, கண்ணைக் கீழே கொண்டுபோனேன். பக்கத்திலேயே சாரும் குனிந்தார்.

மட்டம் அசைந்திருந்தது. ஒரு கோடுகூட இல்லை. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில், மயிரிழை அளவு.

"பாய்லர் சாம்பிளா இருந்தா இத என்னன்னு எழுதுவோம்?" என்று கேட்டார்.

"இல்லன்னு எழுதுவோம் சார்."

"ஆமா. இல்லன்னுதான் எழுதுவோம்."

அவர் நிமிர வெகு நேரம் ஆனது. அந்த ஆண்டே ஓய்வு பெற்றார். போகும்போது கிளிப்பை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

தேன்மொழி, உங்கள் கையிலிருக்கும் மெஷின் அந்த மயிரிழையை எண்ணாகவே காட்டிவிடும். நல்லது. முந்திரி ஓடோ கரும்புச் சக்கையோ எது வந்தாலும், அதில் எவ்வளவு சூடு இருக்கிறது என்று எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் புகைபோக்கி ஆகாயத்தில் இருக்கிறது. அதே ஓட்டையும் கரியையும் எரிக்கிற பெண்ணின் மூக்கு, சட்டியிலிருந்து ஒரு முழத்தில் இருக்கிறது. அவளிடம் போய்ப் பேசினால் புகையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். கதவு திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். நான் அதன் பிறகு மந்தாரக்குப்பத்தில் போகிற ஒவ்வொரு வீட்டிலும் அதைத்தான் கேட்டேன். "இந்தம்மா வந்தா கதவு ஜன்னல விட மாட்டாங்க" என்று என்னைக் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

ஆனால் யாரிடம் பேச வேண்டுமோ அவரிடம் என்னால் பேச முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி நேராகக் கிராமத்துக்குப் போய்விட்டார். தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருந்தார். பிறகு கூரை போட்டுக்கொண்டார். கல்யாணம், காதுகுத்து என்று எங்கள் உறவுக்காரர்கள் வீட்டில் பார்ப்போம், நன்றாகத்தான் பேசுவார். பஸ்ஸில் யாரிடமாவது பலாப்பழம் கொடுத்தனுப்புவார். எப்போதாவது நெய்வேலிக்கு வந்தால் எங்கள் கேட் வரைக்கும் வருவார். தண்ணீர் வாங்கிக் குடிப்பார். நிவியின் கன்னத்தைத் தடவுவார். "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு" என்று போய்விடுவார். வாசல்படி ஏறவே மாட்டார். "அத்த, உள்ள வாங்க" என்று நிவி கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை.

நான் போனில் கத்தியது அவர் காதில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 'அத்தைய விடு, விட்டுட்டுப் போடி.' விதிப்படி அது சரி. என் இடத்தில் சாமுவேல் சார் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனாலும் தம்பி வீட்டை நம்பி வந்த ஒருவர், தரையில் அசைய முடியாமல் கிடந்தபடி அதைக் கேட்டார் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. கேட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை வாயைத் திறந்து, மூடியிருக்கிறேன்.

நான் விருப்ப ஓய்வு பெற்ற அன்று, மாலையும் சால்வையுமாகக் காரில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். கூட வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு, கேட்டில் நிழல் தெரிந்தது. அண்ணி. கையில் துணிப்பை. செருப்பை வழக்கம் போலக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டிருந்தார்.

"தம்பி சொன்னான், இன்னியோட வேல முடிஞ்சிதுன்னு. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"உள்ள வாங்க அண்ணி."

அவர் வாசல் கதவைப் பார்த்தார். இரண்டு பக்கமும் அகலத் திறந்திருந்தது. அதற்குப் பின்னால் உள்ளறைக் கதவும், ஜன்னலும். நேர் எதிரே பின்வாசல் வரை வெளிச்சம் தெரிந்தது. காற்று வந்துகொண்டிருந்தது.

"எல்லாத்தையும் தொறந்து போட்டுகினுதான் இருக்கியா?"

"எப்பவும் அப்படித்தான் அண்ணி."

சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு படியேறினார். கூடத்தில் உட்காராமல் நேராக உள்ளறை வாசலில் போய் நின்றார். அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர்தான் என் கையைப் பிடித்தார்.

"அன்னிக்கு நீ போன்ல கத்துனது எல்லாம் எனுக்குக் கேட்டுகினுதான் இருந்துச்சு கலா. நானும் அதத்தான் சொன்னேன், போடி போடின்னு. வாய்தான் தொறக்கல."